மேங்கோவுக்குப் பொறந்தநாளு

மொதல்ல ஒன்னு சொல்லிடுறேம்மா, இது என் நாயி இல்ல. நீ கேக்கல, சரி. இருந்தாலும் சொல்லிடுறேன். உள்ள நொழைஞ்சதுலேர்ந்து எல்லாரும் என்னையேதான் பாக்குறாங்க. இம்மாம் பெரிய நாய கால்மாட்டுல போட்டுக்கிட்டு, பொடவையெல்லாம் வாந்தியோட ஒக்காந்துருக்குதே இந்தம்மான்னு. நானா ஆசப்பட்டா வந்தேன். ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, வாங்குன நண்டு வாங்குன கவர்லயே கெடக்குது, நான் நாயாஸ்பத்திரியில கெடக்குறேன். கொஞ்சம் நவுந்துக்க கண்ணு. கூடையில என்னா, பூனையா? ம்... பரவால்ல, கூடைக்குள்ள அடங்குது. எனக்கு வாச்சத பாரு. ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள நானும் ஆட்டோக்கார கன்னியப்பனும் தலையொரு பக்கம் காலொரு பக்கமா தூக்குறோம், எதுத்த வூட்டு நாராயணசாமி மாடியில நின்னு காப்பி குடிச்சிக்கிட்டே வேடிக்க பாக்குறாரு. என்னாம்மா ஊருக்கான்னு கேக்குறாரு. ஆமா, திருப்பதிக்கு, மொட்ட போட கூட்டிட்டுப் போறேன்னேன்.

டாக்டரு உள்ள எதோ ஆப்ரேசன்ல இருக்காராம். ஒக்காருங்க கூப்புடுறோம்னு சொல்லிட்டாங்க. தோ, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாதான் பேரு எழுதிக்கிட்டாங்க. நாய் பேரு என்னா, வயசு என்னா, என்ன சாப்ட்டுச்சின்னு. இத வளக்குறவங்க கொண்டாந்த தீனிதான், வேற ஒன்னுமில்லன்னேன். எழுதிக்கிட்டாங்க.

ஆமா. வேற என்னாத்த சொல்றது.

நம்ம வூடு ரெட்டியார்பாளையத்துலதான். விழுப்புரம் ரோட்லேர்ந்து உள்ள திரும்புனா மஞ்ச செவுரு, வெள்ள ஜன்னலு, "மெஸோன் அஞ்சலாட்சி"ன்னு ஒரு போர்டு. பாத்துருப்ப. அது ஓட்டலு இல்லம்மா, மெஸோன்னா பிரெஞ்சுல வூடாம், நாங்க குடியிருக்குற வூடுதான். அஞ்சலாட்சி எங்க மாமியாரு. அவுங்க இருந்தவரிக்கும் வூட்டுக்குள்ள ஒரு கோழிக்குஞ்சு நொழைய முடியாது, தொடப்பம் பறக்கும். இப்ப அவுங்க பேரப் போட்டு, பக்கத்துல நாய்க்கால் தடம் நாலு வரஞ்சி, நாய் பூனையெல்லாம் வரலாம்னு இங்கிலீசுல எழுதி மாட்டிருக்கு. எங்க வூட்டுக்காரரு டெய்லி டூட்டிக்குக் கெளம்பும்போது அந்த போர்ட பாத்து கன்னத்துல போட்டுக்குவாரு. அவுங்க அம்மாகிட்ட மன்னிப்பு கேக்குறாரோ என்னவோ.

எல்லாம் எம் பொண்ணு சிந்துஜா பண்ண வேல. பெங்களூருல வேலை. எங்க அவரு மில்லுல இருந்தப்போ கீழ் வூடு கட்டுனோம். மில்லு மூடுனாங்க, இங்க பக்கத்துல மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனா போனாரு. அப்பவும் வுடாம மாடிய கட்டுனோம். எதுக்கு? ஒரே பொண்ணு, கல்யாணம் ஆனாலும் மேல இருக்கட்டும்னு. அவ மாடிப்படி சிமென்ட்டு காயறதுக்குள்ள பெங்களூருக்குப் போய்ட்டா. மேல காத்துதான் குடியிருந்துச்சி. அம்மா, சும்மா கெடக்குற வூட்ட டூரிஸ்ட்டுக்கு வுடலாம்னா. சரிடின்னேன். செவுத்துக்கு மஞ்ச அடிக்கணும், பிரெஞ்சு மஞ்சளாம். மஞ்சள்ல என்னடி பிரெஞ்சுன்னு கேட்டேன். எங்க நாத்தனாரு வூட்டுக்காரரு பிரெஞ்சு பென்சன் வாங்குறவரு, அசல் பிரெஞ்சுக்காரங்களோட பட்டாளத்துல இருந்தவரு, அவரு வூடு கிளிப்பச்ச. அதையெல்லாம் யாரு கேக்குறா.

மஞ்ச அடிச்சும் ஒருத்தனும் வரல. பாண்டிக்கு வரவங்கல்லாம் பீச்சு பக்கம் ஒயிட் டவுன்லதான் தங்குவேங்குறாங்க. நம்ம ரோட்டுல லாரியும் பஸ்ஸும் போவுது, இங்க எவன் வந்து போட்டோ எடுப்பான். அப்பதான் இவளுக்கு மூள வேல செஞ்சிது. அம்மா, நெறைய எடத்துல நாயோட வந்தா சேக்க மாட்றாங்க, நாம சேத்துக்கலாம்னா. அடுத்தவன் வேணாம்னு தொரத்துறத நாம வாங்கோன்னு கூப்புடணுமாம், அதான் பிசினஸாம். நல்லா படிக்க வெச்சோம்.

அதுக்கப்பறம் ஆரம்பிச்சிது பாரு கூத்து. அவ அங்கேர்ந்து வீடியோ கால்ல ஆர்டர் போடுவா, நான் இங்க ஃபோனத் தூக்கிக்கிட்டு ரூமு ரூமா சுத்துவேன். தரை வழுக்கக் கூடாது, ரப்பர் பாயி போடு. சோபாவுக்குத் தோய்க்கிற மாதிரி ஒறை தை. கேட்டு கம்பியில சந்து பெருசா இருக்கு, குட்டி நாயி பூந்து போயிரும், வலை அடி. எலி மருந்து இருந்தா எடுத்துடு. அரளிச் செடி நாய்க்கு ஆவாது, புடுங்கிப் போடு. நல்லா பூத்துக்கிட்டிருந்த செடிம்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தப் பூதான் சாமி படத்துக்கு. வராத நாய்க்காவ இருந்த செடிய புடுங்குனேன்.

அப்பறம் வாசல்ல கால் தொடைக்க ஒரு துண்டு. மனுசங் காலுக்கு இல்ல. தண்ணிக்கு ஒரு கிண்ணம், தீனிக்கு ஒரு கிண்ணம், பிளாஸ்டிக்கு ஆவாதாம், எவர்சில்வர்ல வையின்னா. எங்க கல்யாணத்துக்கு வந்த கிண்ணம், எம் பேரும் அவரு பேரும் வெட்டுனது, அதத்தான் பரண்லேர்ந்து எறக்குனேன். படுக்க மெத்த. மெத்தம்மா. எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு வரிக்கும் பாயிலதான் படுக்குறாரு. ஒருநாளு டூட்டி முடிச்சி வந்த மனுசன் அந்த மெத்தய அமுக்கிப் பாத்துட்டு, நிர்மலா, அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்னாரு.

கொற சொல்லக் கூடாது, வர ஆரம்பிச்சிட்டாங்க. மெட்ராஸ், பெங்களூரு, கோயம்புத்தூருன்னு எங்கெங்கேர்ந்தோ. ஒரு பொமரேனியன் வந்துச்சி. உள்ளங்கை தண்டி. எங்க வூட்டுக்காரரோட யூனிபாரம் தொப்பிக்குள்ள போயி சுருண்டு படுத்துக்கிச்சி. அவரு டூட்டிக்கு லேட்டாவுது, அத எழுப்பவும் மனசில்ல, வெறுந்தலையோட போயி கம்பெனியில திட்டு வாங்கிட்டு வந்தாரு. இன்னொரு தடவ உன்னுது மாதிரியே ஒரு பூன. கீழ நம்ம போர்ஷனுக்கு எறங்கி வந்து, சாமி ஷெல்புல ஏறி, முருகருக்கும் புள்ளையாருக்கும் நடுவுல ஒக்காந்துக்கிச்சி. நானு கண்ணாடி போடாம வெளக்கேத்துனவ, அதுக்கும் சேத்து கும்புட்டுட்டேன். காலயில கோலம் போட்டா போதும், அரிசி மாவுன்னு மோப்பம் புடிச்சி நக்கிட்டுப் போய்டுதுங்க. புள்ளிக் கோலம் போடுவேன், திரும்பிப் பாத்தா புள்ளியும் இருக்காது கோலமும் இருக்காது. நம்ம தெரு நாயிங்க இருக்கே, அதுங்க கேட்டுக்கு வெளிய வரிசையா நின்னு இதயெல்லாம் பாக்கும். ஒன்னும் கொலைக்காது, சும்மா பாக்கும். எனக்கே வெக்கமா போயி அதுங்களுக்கும் ஒரு சட்டி சோறு வெளிய வெக்க ஆரம்பிச்சேன். இப்ப அதுங்களும் டைமுக்கு வருதுங்க.

உனுக்கு நேரமாவுதா? இல்லயில்ல, உன்ன இன்னும் கூப்புடல. ஒக்காரு.

சிந்துஜாவுக்கும் எனக்கும் இதுலதாம்மா டெய்லி சண்ட. வூட்டுக்கு வரவங்களுக்கு நீ சோறு போடாதங்குறா. ரூமு மட்டும்தான் குடுக்குறோம், சாப்பாடு கெடையாதுன்னு தெளிவா போட்டிருக்கேன், நீ ஏம்மா இட்லி எடுத்துக்கிட்டு மாடி ஏறுறங்குறா. ரூம திங்க முடியுமாடி? வூடு தேடி வந்த ஜனம், கதவ தொறந்து சாவிய குடுத்துட்டு எனக்கென்னன்னு போவ எனக்கு வராது. அவுங்களுக்கு இட்லின்னா, கூட வந்த வாயில்லா ஜீவனுக்கு மட்டும் ஒன்னுமில்லன்னு சொல்ல முடியுமா. ஒரு மீன் தலை, ரெண்டு கரண்டி தயிர் சோறு. போன மாசம் வந்த ஒரு நாயி ஊருக்குப் போனப்பறம் பாக்கெட்டு தீனிய மோந்து கூட பாக்க மாட்டேங்குதாம், தட்ட காலால தள்ளுதாம். அந்த நாய வளக்குற பொண்ணு நெட்டுல அத பெருசா எழுதிப் போட்டு, ஸ்டாரு கொறச்சிட்டா. சிந்துஜா ஃபோன்ல அழுவுறா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். நாய்க்குக் கூட என் கைப்பக்குவம் தெரியுது, பெத்தது மட்டும் ஓட்ஸ் கஞ்சி குடிக்குது.

சரி, இதுங்க கதைக்கு வரேன். வெள்ளிக்கெழம வந்தாங்க, மெட்ராஸ்லேர்ந்து. அந்தப் பொண்ணு பேரு கவிநிலா. நல்ல பொண்ணு, சும்மா சொல்லக் கூடாது. புருசன் இளஞ்செழியன், பேருதான் பெருசு, வாயத் தொறந்தா பாக்கலாம். கல்யாணம் ஆயி நாளாவுது போல, கொழந்த இல்ல. அத நான் கேக்கல, அதுவா சொல்லிச்சி. எங்களுக்கு இவன்தான் ஆன்டி எல்லாம்னு இதக் கட்டிக்கிட்டு சொல்லிச்சி. பேரு மேங்கோ. மாம்பழக் கலருல இருக்கான்னு வெச்சதாம். நல்லவேள, சாம்பக் கலருல பொறக்கல.

வந்ததும் வராததுமா கேட்டுலயே நிக்க வெச்சி சட்டம் படிச்சிது அந்தப் பொண்ணு. ஆன்டி, இவனுக்கு வயிறு சென்சிடிவ், வூட்டு சாப்பாடு எதுவும் வேணாம், ஒரு பிஸ்கட்டு கூட வேணாம், நாங்க கொண்டாந்துருக்குறது மட்டும்தான்னு. பையத் தொறந்து காட்டிச்சி. பாத்தேன். புளியங்கொட்ட மாதிரி இருக்கு. காலயில ஒரு கப்பு புளியங்கொட்ட, சாயங்காலம் ஒரு கப்பு புளியங்கொட்ட. இதுக்குத்தான் நாயா பொறந்தியாடா நீயின்னு மனசுல நெனச்சிக்கிட்டேன். வாயத் தொறந்து சொல்லல. சரிம்மா, நான் ஒன்னும் குடுக்க மாட்டேம்மான்னேன். சிந்துஜாவும் ஃபோன்ல சத்தியம் வாங்குனா.

நேத்திக்கு இதுக்குப் பொறந்தநாளு. சிரிக்காத, நெசமாத்தான். தலையில ஒரு குல்லா, கழுத்துல ஒரு ரிப்பன் முடிச்சி. பீச்சுல கொண்டாட முடியாதுன்னு நம்ம மாடியிலயே பலூன் கட்டுனாங்க. என்னையும் கூப்புட்டாங்க, போனேன். எங்க வூட்டுக்காரரும் சட்ட மாத்திக்கிட்டு வந்தாரு. நாய் கேக்குன்னு தனியா விக்கிதாமே. கேரட்டு, ஓட்ஸு, சக்கர கெடையாது, உப்பு கெடையாது, மைதா கெடையாது. அப்பறம் என்னாதான் இருக்குன்னு கேட்டா சிரிக்கிறாங்க. இது மோந்து பாத்துச்சி, ஒரு வாய் தின்னுச்சி, அப்பறம் என் மூஞ்சியப் பாத்துச்சி. சத்தியமா சொல்றேன், என்னத்தான் பாத்துச்சி. பொறந்தநாளும் அதுவுமா இதுதானா எனக்குன்னு கேக்குற மாதிரி.

அதுக்கு... சரி, அது போவட்டும்.

இன்னிக்குக் காலயில ரெண்டு பேரும் ஆரோவில்ல அந்தத் தங்க உருண்ட மாத்ரிமந்திர் பாக்கக் கெளம்பிட்டாங்க. அங்க நாய உள்ள வுட மாட்டாங்க. ஆன்டி, மதியத்துக்குள்ள வந்துருவோம், கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு எங் கையப் புடிச்சிக்கிட்டு சொல்லிச்சி அந்தப் பொண்ணு. இவன யாருகிட்டயும் வுட்டதே இல்ல ஆன்டி, உங்களப் பாத்தா வுடலாம்னு தோணுதுன்னுச்சி. எனக்குப் பெருமையாதான் இருந்துச்சி. இப்ப ஃபோன் பண்றேன் பண்றேன், எடுக்க மாட்றாங்க. உள்ள போவும்போது ஃபோன வாங்கி வெச்சிக்குவாங்களாம். அமைதியா ஒக்காரணுமாம். அவுங்க அங்க அமைதியா ஒக்காந்துருக்காங்க.

போயி கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சி. எம் பின்னாடியே சுத்திச்சி. அடுப்படியில நின்னா அடுப்படியில நிக்கிது, துணி காயப் போடப் போனா கூடவே வந்து கிளிப்பு பொறுக்குது. அப்பறம் ஒரு மூலையில போயி நின்னுக்கிட்டு, முதுக வளைச்சி, உவ்வே உவ்வேன்னு. ஒரு தடவயா ரெண்டு தடவயா. புது ரப்பர் பாயி, சோபா ஒறை, எம் பொடவ, ஒன்னு பாக்கி இல்ல. அப்பறம் படுத்துச்சி பாரு, எழுந்திரிக்கல. மேங்கோ, மேங்கோன்னு கூப்புடுறேன், வால கூட ஆட்டல. வெறும் கண்ண மட்டும் தூக்கிப் பாக்குது. ஒடனே கன்னியப்பனுக்கு ஃபோன் அடிச்சேம்மா.

எதுனாலன்னா... என்னக் கேட்டா நூறு காரணம் சொல்லுவேன். நேத்து பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயி உப்புத் தண்ணில வுட்டாங்க, குடிச்சிருக்கும். ராவெல்லாம் ஏசி, அது சேந்திருக்காது. அந்தக் கேரட்டு கேக்கு எந்தக் காலத்துல சுட்டதோ. அப்பறம் அந்த நாராயணசாமி. நேத்து மாடியில நின்னுக்கிட்டு, நாய்க்கு வந்த வாழ்வ பாருன்னு வாய்வுட்டே சொன்னாரு. அந்தக் கண்ணு இருக்கே, பச்ச மரம் பட்டுப் போவும். எங்க அவரைப் பந்தலு போனது அவராலதான். ஆட்டோ ஏத்துறதுக்கு முன்னாடி மொளகா உப்பு சுத்திப் போட்டுட்டுதான் வந்தேன். நாய்க்கு சுத்திப் போட்ட மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

என்னா கேட்ட? தீனிய தவுர வேற எதாச்சும் குடுத்தீங்களான்னா? நீயும் அந்தக் கண்ணாடி அம்மா மாதிரியே கேக்குற. இல்லம்மா. நான் எதுக்குக் குடுக்கப் போறேன். சத்தியம் பண்ணிருக்கேன்ல.

பாயாசத்த ஒரு சாப்பாடுன்னு சொல்லுவியா நீ? அது இனிப்புத் தண்ணி. வயித்துக்குக் குளுமதான் பண்ணும். இல்ல, கேளு, என்ன அப்டி பாக்காத. பொறந்தநாளு ஒருத்தருக்கு வந்தா எங்க வூட்டுல பாயாசம் இல்லாம அடுப்பு அணையாது. எங்க அவரு மில்லு மூடி வூட்டுல ஒக்காந்திருந்த வருசம் கூட சிந்துஜா பொறந்தநாளுக்கு வெல்லத்தப் போட்டாவது ஒரு டம்ளரு காச்சிக் குடுத்தேன். நம்ம வூட்டுல பொறந்தநாளு கொண்டாடுற உசுரு ஒன்னு, அந்த வறண்டு போன கேக்க ஒரு வாய் தின்னுட்டு என் மூஞ்சியப் பாக்குது. ராத்திரியெல்லாம் எனக்கு அதே நெனப்பு. இன்னிக்கு அவுங்க கெளம்புனதும் சேமியா வறுத்தேன்.

நான் ஒன்னும் அறிவு கெட்டவ இல்ல கண்ணு. நாய்க்கு சக்கர ஆவாதுன்னு எனக்குத் தெரியும். சிந்துஜா சொல்லிருக்கா. சக்கர ஒரு சிட்டிக கூட போடல. பால நல்லா சுண்ட வெச்சி, சக்கரைக்கு பதிலா நெய்யில திராட்சைய வறுத்து அள்ளிப் போட்டேன். நல்ல கருந்திராட்ச, பெரிய மார்க்கெட்ல வாங்குனது. அதுவே இனிப்பு குடுக்கும். டாக்டருங்களே நமக்கு அதான சொல்றாங்க, சக்கர வேணாம் திராட்ச சாப்புடுன்னு. இம்மாம் பாத்துப் பாத்து நாய்க்கு யாரு செய்வா.

எப்டி சாப்ட்டுச்சி தெரியுமா. அந்தக் கிண்ணத்த வழிச்சி, மோந்து, திருப்பிப் போட்டு அடியையும் நக்கி... எங்க ரெண்டு பேரு பேரு வெட்டுன எடத்தக் கூட வுடல. மறுபடி என்னைப் பாத்துச்சி. மறுபடி ஊத்துனேன். சொல்லக் கூடாது, எனக்கு அழுவையே வந்துருச்சிம்மா. எங்க அவருக்கு சுகரு, பாயாசத்துப் பக்கம் திரும்ப மாட்டாரு. சிந்துஜா போன பொறந்தநாளுக்கு வரேன்னு சொன்னா, நானும் காச்சி வெச்சிட்டு வாசல்லயே நின்னேன். லீவு கெடைக்கலம்மா, நீயே சாப்புடு, எனக்கும் சேத்துன்னுட்டா. வீடியோவுல அத நான் குடிக்கணுமாம், அவ பாக்கணுமாம். குடிச்சேன். எங் கையால செஞ்சத வழிச்சி சாப்புட ஒரு ஆளு இந்த வூட்டுல ஒக்காந்து எத்தினி நாளாச்சி தெரியுமா...

ஏன் எழுந்திரிக்கிற? உன்ன இன்னும் கூப்புடலயே. ஏம்மா... பூனைய இங்கயே வெச்சிட்டுப் போறியே. ஓ, பேச்சு அலுத்துப் போச்சா. போ, போ. எம் பொண்ணும் இப்டித்தான், ஒரு கால் வருதும்மான்னு சொல்லிட்டு வெச்சிருவா. கெழவி பொலம்புறத யாருதான் கேப்பாங்க. நீ வாடா பூன, நீயாவது கேளு. டேய் மாம்பழம், கண்ணத் தொற. கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா? ஒரு வாய். எனக்காவ ஒரு வாய்.

எதுக்கு அந்தப் பொண்ணு டாக்டரு கதவ அப்டித் தட்டுது?

என்னம்மா, என்ன சொன்ன உள்ள? திராட்சையா? திராட்சைக்கு என்னா... வெஷமா? யாரும்மா சொன்னா. திராட்சம்மா, சாமிக்கு வெக்கிறது. கொழந்தைக்குப் பால் மறக்கடிக்கும்போதே ஊற வெச்சி குடுக்குறது. அது எப்டி... நெசமாவா சொல்ற? ஃபோன்ல காட்டு. எனக்கு எழுத்து தெரியல, நீயே படி.

இரு. இரு, படிக்காத.

சார், டாக்டர் சார், நான்தான். நான்தான் சார் குடுத்தேன். அந்தம்மாகிட்ட ஒன்னும் குடுக்கலன்னு சொன்னேன், பொய் சார் அது. பாயாசம் குடுத்தேன், நெறைய திராட்ச போட்டு. எத்தினின்னு... அளந்து போடல சார், அள்ளிப் போட்டேன். எங் கைக்கு ரெண்டு கை இருக்கும். பெரிய கைதான் சார், பாருங்க. காலயிலதான் சார், அவுங்க வண்டி தெரு திரும்புன ஒடனே. வாந்தியில திராட்ச வந்துச்சி, கொஞ்சம் வந்துச்சி, நான்தான் தொடச்சேன், எனக்குத் தெரியாது சார். கிட்னியா? வயித்துக்குள்ளதான சார் போச்சி, கிட்னி எங்கேர்ந்து வந்துச்சி இதுல. சரி சார். சரி. ஊசி போடுங்க, எத வேணா போடுங்க. என்ன திட்டிக்கிட்டே போடுங்க.

சீக்கிரம்தான் கொண்டாந்திருக்கேன்னு சொல்றீங்களா... சொல்லத்தான் லேட்டு பண்ணேன். ஆமா சார். இங்க ஒக்காந்துக்கிட்டு ஊருக் கதையெல்லாம் பேசுனேன், இத மட்டும் சொல்லல. அந்தப் பொண்ணுதான் எழுந்து வந்துச்சி, இல்லன்னா நான் இன்னும் நாராயணசாமி கண்ணத்தான் திட்டிக்கிட்டிருப்பேன்.

மெதுவா தூக்குங்க. பின்னங்கால் தொங்குது பாருங்க, நான் புடிக்கிறேன். தலையப் புடிச்சிக்க ஆளு வேணுமா? நான் இருக்கேன், நான் எங்க போறது. டேய் மேங்கோ. டேய் சாமி. ஊசிதான்டா, எறும்பு கடிக்கிற மாதிரி. இந்த ஆன்டிக்கு அறிவு இல்லடா. உங்கம்மா கேட்டுல நின்னு படிச்சிப் படிச்சி சொன்னா, நான் சரி சரின்னு தலைய ஆட்டிட்டு, எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு... அரளியப் புடுங்கிப் போட்டேன்டா உனக்காவ. புடுங்கிப் போட்டுட்டு எங் கையாலயே கலக்கி ஊத்தியிருக்கேன்.

கண்ணு, நீ இன்னும் போவலியா. உம் பூன அங்க தனியா... சரி. ஒரு ஒத்தாச பண்ணு. எங் கொசுவத்துல ஃபோன் அடிக்குது பாரு. எடுத்து எங் காதுல வையி, எனக்கு ரெண்டு கையும் இவந் தலையில இருக்கு. யாருன்னு பாரு. சிந்துஜாவா இருந்தா அப்பறம்னு சொல்லு. அவளா? கவிநிலாவா?

வையி. எங் காதுல வையி.

ம்... நான்தாம்மா. ஆமா, நெறைய தடவ அடிச்சேன். இல்ல, வூட்டுல இல்ல. நல்லா கேளும்மா, நடுவுல பேசாத, பேசுனா நான் மாத்தி சொல்லிருவேன். மேங்கோ ஆஸ்பத்திரியில இருக்கான். டிரிப்பு ஏறுது. உன் தீனி இல்லம்மா, கேக்கு இல்ல, கடலு இல்ல. நான்தான். நீ வேணான்னு சொன்னத நான் குடுத்தேன், பாயாசம், திராட்ச போட்டு. அது ஆவாதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ வேணாம்னு சொன்னது தெரியும். கேட்டியா? அது தெரிஞ்சேதான் குடுத்தேன்.

...

ம்.

...

சொல்லு. சொல்லும்மா, எல்லாத்தையும் சொல்லு. இரு, ஒரு நிமிசம். கண்ணு, ஃபோன எங் காதுலேர்ந்து எடு. எடுத்து அவங் காதுல வையி. ஸ்பீக்கர்ல போடு. தோ, பாத்தியா, காது அசையுது. கவிநிலா, நிறுத்தாதம்மா. என்னத் திட்டுற, அது அவனுக்கு எங்க தெரியப் போவுது, உங் கொரலு கேட்டா போதும் அவனுக்கு. நீ வந்து சேர்ற வரிக்கும் திட்டிக்கிட்டே வா.